ஊருக்கு ஒரு கோடி வந்தால்: கட்டடமா, காப்பீடா, வண்டியா, ஆளா?

போன காந்தி ஜெயந்தி கிராம சபையில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாக்குவாதம் செய்தார்கள். தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால் தனி அலுவலர்தான் கூட்டத்தை நடத்தினார். சுகாதாரத்துக்கென்று ஒரு தீர்மானம் எழுதலாம் என்று அவர் சொன்னதும் ஆளுக்கு ஒன்று கேட்க ஆரம்பித்தார்கள். ஏழு கிலோமீட்டரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை முப்பது படுக்கையாகத் தரம் உயர்த்தக் கேட்போம் என்றது ஒரு பக்கம். 108 வண்டியை நம்ம ஊர் முக்கிலேயே நிறுத்தச் சொல்வோம் என்றது இன்னொரு பக்கம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு முகாம் போட வேண்டும் என்றார் ஒரு பெரியவர். பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும், "நர்சம்மா வாரத்துக்கு ஒரு நாள்தான் சார் வராங்க. அவங்களத் தெனமும் இருக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றார். அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு நான் முப்பது படுக்கைக்குக் கை தூக்கினேன். பிறகு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆகும் செலவையும் அதனால் கிடைப்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் மனம் மாறிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் எங்களைப் போன்ற வானம் பார்த்த ஊர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கேயும் இதே வாக்குவாதம் நடக்கும். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பணம் இல்லை என்பது பாதி உண்மைதான். 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். தேசிய நலவாழ்வு இயக்கத்தின் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பங்கிட்டுக்கொள்கின்றன. இது போக, 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடியை நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. அதில் 43,928 கோடி ஊரகத்துக்கு. கிராமத்து மருத்துவத்துக்கென்று உள்ளாட்சிக் கணக்கில் இவ்வளவு பெரிய தொகை எழுதப்பட்டதே புதிது. ஆனால் அந்தத் தொகை எந்தெந்த வேலைக்கு என்பதையும் தில்லியிலேயே வகுத்துவிட்டார்கள்: ஊர்ச் செவிலியர் இருந்து பார்க்கும் துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம், பரிசோதனைக் கருவிகள், வட்டாரப் பொது சுகாதார அலகு என்று. பெரும்பகுதி ஒருமுறை செலவழித்து முடித்துவிடும் பணம்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும் என்பதற்காக, ஒரு வட்டாரத்துக்கு ஒரு கோடி ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 388 வட்டாரங்கள், 8,713 துணை சுகாதார நிலையங்கள். வட்டாரத்துக்குச் சராசரியாக 22 துணை நிலையங்கள். அந்த ஒரு கோடியை எங்கே போடுவது?

கட்டடம்

கட்டடத்தின் மீது மக்களுக்கு இருக்கும் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூரை ஒழுகும் அறையில், தடுப்புத் திரைகூட இல்லாமல், கர்ப்பிணியைப் படுக்க வைத்து வயிறு பார்ப்பது அவமானம். வாடகை வீட்டின் திண்ணையில் நடக்கும் துணை நிலையங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் கட்டடம்தான் முதல் தேவை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நல்ல கட்டடம் ஏற்கெனவே உள்ள ஊரில் இன்னும் பெரிதாகக் கட்டுவதுதான் கேள்வி. 1946இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரைபடம் போட்ட நாளிலிருந்து அரசுகளுக்குக் கட்டுவது எளிதாக இருக்கிறது, நடத்துவது கடினமாக இருக்கிறது. கட்டியதற்குக் கல்வெட்டு வைக்கலாம், படம் எடுக்கலாம், மார்ச் 31க்குள் செலவுக் கணக்கைக் காட்டலாம். சம்பளத்துக்கு இந்தச் சௌகரியங்கள் எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டு அனுபவம் ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் காலையில் திறந்து மத்தியானம் பூட்டும் இடம். பிரசவ வலிக்கு மத்தியானம் எது, நடுராத்திரி எது? பின்னால் ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று செவிலியர்களை முறைமாற்றி இருத்தி 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். எத்தனையோ ஊர்களில் அதே பழைய கட்டடம், அதே பிரசவ அறைதான். ராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தார் என்பதால் மக்கள் வந்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். இதற்குப் பின்னால் மகப்பேறு உதவித்தொகை, 108, சாலை என்று பல கை உண்டு. ஆனாலும் அந்த மூன்று செவிலியர்களின் பங்கை யாராலும் கழித்துவிட முடியாது.

முப்பது படுக்கைக்கு நான் கை தூக்கியபோது அதில் படுப்பவரை ராத்திரி யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை இப்போது எல்லாக் கோரிக்கையிடமும் கேட்கிறேன்.

காப்பீடு

இதைப் பற்றி நான் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் என் சித்தப்பா உயிரோடு இருப்பதற்குக் காப்பீட்டு அட்டைதான் காரணம்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். 2022இல் புதுப்பித்தபோது பிரீமியம் குடும்பத்துக்கு 849 ரூபாய் என்று ஆனது. அந்தக் கணக்கில் ஒரு கோடி ரூபாய், 11,700 குடும்பங்களுக்கு ஓராண்டுக் காவல். பார்க்கப்போனால் மிக மலிவு. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமத்தில் உள்ளவர் அரசு மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்தால் சராசரிச் செலவு 4,290 ரூபாய், தனியாரில் 27,347 ரூபாய். இந்த வித்தியாசத்துக்காகத்தான் நகை அடகுக்குப் போகிறது. அதைத் தடுக்கும் எதையும் நான் இளப்பமாகப் பேச மாட்டேன்.

சித்தப்பாவுக்குப் பதினைந்து வருடச் சுகர். காலில் முள் குத்தியது தெரியாமலே வயலில் நடந்திருக்கிறார். புண் கறுத்துப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடியபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அறுவைச் சிகிச்சைக்கு ஒரு ரூபாய் கேட்கவில்லை, எல்லாம் காப்பீட்டில் போனது. குடும்பம் கடனாளி ஆகாமல் தப்பியது. வீடு திரும்பிய அன்று சித்தி அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தி வைத்தார்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அந்தக் காலை எடுப்பதற்குப் பணம் கொடுக்க ஒரு திட்டம் இருந்தது. அதற்கு முந்தைய பதினைந்து வருடத்தில் மாதம் ஒருமுறை அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்க ஒருவரும் இல்லை. காப்பீடு என்பது மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு. காய்ச்சல், சுகர், பிரசர், ஆறாத புண் என்று வெளிநோயாளியாக அலைபவருக்கு அதில் இடமில்லை. தவிரவும், பட்டியலில் உள்ள பெரிய மருத்துவமனைகள் பெரும்பாலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் இருக்கின்றன. எங்கள் ஊர்க்காரரின் பெயரில் போகும் பணம் அங்கே போய்ச் சேர்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது என்பது நல்ல ஏற்பாடு, என்றாலும் அதுவும் நகரத்தில்தான்.

ஆகவே காப்பீட்டை கிராம சபைத் தீர்மானமாகக் கேட்கத் தேவையில்லை என்பது என் முடிவு. அது ஏற்கெனவே நமக்கு உள்ள உரிமை. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் கவுண்டருக்குப் போய் எல்லாரும் பதிந்துகொள்வது அவரவர் உடனே செய்ய வேண்டிய வேலை. தீர்மானத்தை வேறொன்றுக்காக மிச்சம் வைப்போம்.

வண்டி

2008 செப்டம்பரில் 108 ஓட ஆரம்பித்ததற்கு முன்னால் எங்கள் ஊரில் அவசரம் என்றால் பால் வேன், இல்லையென்றால் டிராக்டர். அதைப் பார்த்தவர்களுக்கு 108இன் அருமை தெரியும். மாரடைப்பு, விபத்து, பாம்புக்கடி, பிரசவத்தில் உதிரப்போக்கு ஆகிய நான்குக்கும் வண்டிக்கு மாற்று கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சுற்றிவரும் நடமாடும் மருத்துவக் குழுவும் பயன்தான். ஆனால் அது எங்கள் பக்கம் வருவது மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில். நோய் வண்டியின் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

வண்டியை நம் ஊர் முக்கில் நிறுத்துவது இன்னொரு ஊரிலிருந்து எடுத்துத்தான் நடக்கும். ஆறேழு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையமும் தார்ச்சாலையும் உள்ள சமவெளி ஊர் அதைக் கேட்பது நியாயமில்லை. அந்த வண்டி வேறு ஓரிடத்தில் உயிர் பிரச்சினை.

எங்கே என்று சொல்கிறேன். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேலே ஏறச் சாலை இல்லாததால் பாதி வழியில் இறக்கிவிட்டது. தாய் குழந்தையைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் மலை ஏறினார். அந்த மலைக்கு முதலில் சாலை, பிறகு வண்டி, பிறகு மற்றதெல்லாம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லி மலைச் சிற்றூர்களுக்கும் இதே வரிசைதான் என்று நினைக்கிறேன். நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவக் காத்திருப்பு அறைகளும் அங்கே கட்டாயம்.

ஆள்

என் அப்பத்தாவுக்கு வயது 74. சுகர் மாத்திரையைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருப்பார். ஒருநாள் நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து அந்த அட்டையை வாங்கி, பிரித்த குழிகளையும் பிரிக்காத குழிகளையும் எண்ணினார். பதினைந்து நாளில் முப்பது போயிருக்க வேண்டும், பதினைந்துதான் போயிருந்தது. "என்ன அப்பத்தா, ஒருவேளைதான் போடுறீங்களா?" என்று கேட்டார். "ரெண்டு வேளையும்தான் தாயி. பாதி பாதியா ஒடிச்சுப் போடுறேன். தீந்துபோச்சுன்னா மறுபடி அங்க வரைக்கும் போவணும்ல" என்றார் அப்பத்தா. ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு அது தெரியாது. மாத்திரை இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம். இருந்தும் முழங்கால் வலியோடு வெயிலில் போய் வரிசையில் நிற்கப் பயந்து மருந்தைப் பாதியாக்கியிருக்கிறார்.

அட்டையின் குழியை எண்ணிப் பார்க்கும் வேலையைக் கட்டடம் செய்யாது, காப்பீடு செய்யாது, வண்டியும் செய்யாது.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றாநோய் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேர் சித்தப்பாவின் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்து, வீட்டு வாசலில் அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்க வைத்தார்கள். 2023-24இல் மறுபடி ஆய்வு செய்தபோது கட்டுப்பாட்டு விகிதம் இரண்டு நோயிலும் 17 சதவீதத்தை ஒட்டி வந்திருந்தது. இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆனால் மூன்று நான்கு வருடத்தில், ஒரு பெருந்தொற்றுக் காலத்தையும் தாண்டி இந்த ஏற்றம் கிடைத்தது நடந்துபோன கால்களால்.

இதற்கும் முன்னால், 2017 வாக்கில், எங்கள் மாவட்டத்து விராலிமலை, கிருஷ்ணகிரி சூளகிரி, பெரம்பலூர் வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் ஒரு சோதனை நடந்தது. துணை நிலையத்துக்குக் கூடுதலாக ஒரு கிராம சுகாதார செவிலியரைப் போட்டார்கள். ஒருவர் ஊர் சுற்றப் போனால் இன்னொருவர் நிலையத்திலேயே இருப்பார். மருந்தும் அடிப்படைப் பரிசோதனையும் அங்கேயே. துணை நிலையம் என்றால் தடுப்பூசி போடும் இடம் என்று மட்டும் நினைத்திருந்த மக்கள் காய்ச்சலுக்கும் சுகருக்கும் அங்கே வர ஆரம்பித்தார்கள். தனியாரிடம் போவது குறைந்தது, கைக்காசுச் செலவும் குறைந்தது. பின்வரிசைப் பெண் கேட்டது இதைத்தான்.

இப்போது செலவு. ஒப்பந்தச் செவிலியருக்கு மாவட்ட விளம்பரங்களில் இன்று போடும் தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய், ஆண்டுக்கு 2,16,000. வட்டாரத்தின் 22 துணை நிலையங்களிலும் ஒவ்வொருவரை இரண்டு ஆண்டு வைத்திருக்க 95 லட்சம் ஆகும். ஒரு கோடிக்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாம் ஆண்டு என்ன செய்வது? ஆள் என்னும் வழியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது, இதை மறைத்தால் நான் நேர்மையாக ஒப்பிட்டதாகாது. கட்டடம் ஒருமுறைச் செலவு. சம்பளம் முடிவில்லாத செலவு. அதனால்தான் அரசுகள் ஆளை எடுத்தாலும் அரைகுறையாக எடுக்கின்றன. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 டிசம்பர் 31க்குப் பிறகு நீட்டிக்கவில்லை. வீடுவீடாக நடக்கும் தன்னார்வலருக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 4,500. இந்தத் தொகையில் ஒருவர் எத்தனை வருடம் நடப்பார்? அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் என் அப்பத்தாவின் மாத்திரைக் குழியை எத்தனை நாள் எண்ணிக்கொண்டிருப்பார்? ஆகவே ஆள் வேண்டும் என்று கேட்டால் மட்டும் போதாது, நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று கேட்க வேண்டும். 2023இல் தேர்வு வாரியம் ஒரே அறிவிப்பில் 2,250 கிராம சுகாதார செவிலியர்களைக் கேட்டது. எத்தனை துணை நிலையங்கள் பொறுப்பு நர்சை வைத்து ஓடிக்கொண்டிருந்தன என்பதை அந்த எண்ணே சொல்கிறது. எங்கள் நர்சம்மாவும் பக்கத்து ஊருக்குச் சேர்த்துப் பொறுப்பு பார்ப்பவர். புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாளில் கர்ப்பிணிப் பதிவு, கூட்டம், கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் ஒருநாள் வருவதே அவருடைய நல்ல மனசு.

ஆள் இருந்து மருந்து இல்லாவிட்டாலும் ஒன்றும் நடக்காது. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பாக்கியம் உண்டு. 1995 முதல் மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுக்கிறது. பல மாநிலங்கள் பார்த்துப் படித்த ஏற்பாடு அது. மருந்துக் குழாய் ஏற்கெனவே போட்டிருக்கிறது, திறந்துவிட ஊரில் ஆள் வேண்டும். மருத்துவர்களைக் கிராமத்தில் நிறுத்தப் பணமே தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது: அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் தரும் ஒதுக்கீடு. அதைத் தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மலையில் கூட ஆள்தான் அடித்தளம் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்டிலிங்கி சாட்சி. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஓர் ஓலைக் குடிசையில் ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளராக்கினார்கள். ஆயிரம் குழந்தைக்கு 147 என்றிருந்த சிசு மரணம் சில ஆண்டுகளில் இருபதை ஒட்டி இறங்கியது. பெரிய கட்டடம் பின்னால்தான் வந்தது.

எந்த ஊர் எதைக் கேட்பது

மலை ஊராகவும் சாலை இல்லாததாகவும் இருந்தால் சாலையும் வண்டியும். துணை நிலையம் இடிந்து கிடந்தால் கட்டடம், அதோடு செவிலியர் தங்கக் குடியிருப்பு. குடியிருப்பைச் சேர்க்காத வரைபடத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றபடி எங்களைப் போல ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் ஆரம்ப சுகாதார நிலையம் உள்ள சமவெளி ஊர் எதுவானாலும், துணை நிலையத்தில் தினமும் இருக்கும் நிரந்தரச் செவிலியரைக் கேட்பதுதான் சரி.

கேரளத்தில் 1996 மக்கள் திட்டத்துக்குப் பிறகு ஊராட்சியே தன் பணத்தில் கூடுதல் மருத்துவரை வைத்து மாலை நேரத்திலும் புறநோயாளிகளைப் பார்க்க வைக்கிறது. நம் ஊராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு வரும் 10,000 ரூபாயை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் உண்டு. அதையும் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் அழுத்தம் பார்க்கும் கருவி, எடைக் கருவி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, குடிதண்ணீர் ஆகியவற்றைச் செய்துவிடலாம்.

ஜனவரி 26 கிராம சபைக்கு நான் எழுதி வைத்திருக்கும் தீர்மானம் இது: "எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட கிராம சுகாதார செவிலியர் பணியிடத்தை நிரந்தரமாக நிரப்பவும், நிலையத்தில் இருந்து நோயாளிகளைப் பார்க்க இரண்டாவது செவிலியர் பணியிடம் உருவாக்கவும், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மாதந்தோறும் இங்கேயே வழங்கவும், நிலையம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் வாசலில் எழுதி வைக்கவும் இக்கிராம சபை கோருகிறது. நகல்: வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர், மாவட்ட ஆட்சியர்."

போன வாரம் அந்தப் பின்வரிசைப் பெண்ணின் வீட்டுக்குப் போய் இதை வாசித்துக் காட்டினேன். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே முழுவதும் கேட்டார். "எல்லாம் சரிண்ணே. நர்சம்மாவும் மனுசிதானே, லீவு எடுப்பாங்கள்ல. அன்னிக்கு யாரு வருவாங்கன்னும் ஒரு வரி போடுங்க" என்றார். சேர்த்துவிட்டேன்.